ஒரு காது... ஐந்து ஸ்பீக்கர்!

எங்கள் அப்பாவுக்கு இடது காது கேட்காது. எனக்கு இரண்டு காதும் கேட்கும். ஆனால், "யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டான்" என்று சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார். 2010 தீபாவளி வரை இதை வெறும் நக்கல் என்றே நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சம்பள கமிஷன் அரியர்ஸில் ஒரு தவணை வந்தது. அரியர்ஸ் வந்தால் புத்திசாலி என்ன செய்வான்? கவரைப் பிரிக்காமல் மனைவியிடம் கொடுப்பான். நான் சென்னைக்கு பஸ் ஏறி ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் இறங்கினேன். ஒரு டி.வி.டி. பிளேயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர். இதற்குப் பெயர் 5.1. (அந்தப் புள்ளி ஒன்றுதான் ஊஃபர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை ஏதோ சட்டை சைஸ் என்று நினைத்தார்கள்.)

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் ஐந்து ஸ்பீக்கரை நிறுத்துவது ஐந்து சம்பந்திகளை உட்கார வைப்பது மாதிரி. பின் ஸ்பீக்கர் ஒன்று ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. இன்னொன்று பீரோ மேல். ஊஃபர் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில். முதல் நாள் அதன் மேல் அம்மா காபி டம்ளரை வைத்தார். முதல் சண்டை முடிவதற்குள் டம்ளர் தானாக நடந்து வந்து கீழே விழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

போட்டது ஒரு பழைய எம்.ஜி.ஆர். கத்திச்சண்டைப் படம். 'புத்தம் புதிய 5.1 ஒலியில்' என்று அட்டையில் மஞ்சள் நட்சத்திரம் போட்டு மறுபடி வெளியிட்டிருந்தார்கள். (கம்பெனி பெயர் வேண்டாம். படத்தின் பெயரும் வேண்டாம். வாத்தியார் ரசிகர்கள் வீடு தேடி வருவார்கள்.) அப்பாவுக்காகவே வாங்கியது அது. ஏனென்றால் அந்தப் படத்தை அவர் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார். பார்த்திருக்கிறார் என்ன, ஓட்டியிருக்கிறார்.

அப்பா டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர். சங்கராபுரத்தைச் சுற்றியுள்ள கொட்டகைகளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மெஷின் ஓட்டியவர். அப்படிப்பட்டவரை நடு நாற்காலியில் உட்கார வைத்து, ரிமோட்டை அமுக்கி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி ஒன்று ஃபிரிட்ஜ் பக்கம் கிளம்பி பீரோ பக்கம் போய் விழுந்தது. குதிரை சமையலறையிலிருந்து வந்தது. அப்பா அரைமணி நேரம் அசையாமல் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சத்தம் வருது. பேச்சு வரலையேப்பா."

"நல்லா வருதே!" என்றேன் நான்.

"கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"உங்க காது அப்படி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அடுத்த விநாடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். கடிக்கவில்லை. அடுத்த ஸீனைப் போட்டேன்.

அப்பாவின் இடது காது எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டும். ஆபரேட்டர் ரூமில் மெஷினுக்கு வலதுபுறம் நின்று வேலை பார்த்தவர். இருபத்தைந்து வருஷமும் இடது காதுக்கு ஒன்றரை அடி தூரத்தில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "அந்தக் காதை கொட்டகையிலயே விட்டுட்டு வந்துட்டேன்" என்பார்.

சின்ன வயதில் அந்த ரூமில்தான் வளர்ந்தேன். கார்பன் குச்சி எரியும் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் தலைமுடி மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும் ஒரு கோட்டைக் காட்டுவார். "இதான்டா சத்தம்." எம்.ஜி.ஆர். பேசுவது, நம்பியார் உறுமுவது, குதிரை, கத்தி, பாட்டு, மழை எல்லாமே அந்த ஒரு கோட்டுக்குள். அதன் மேல் எக்ஸைட்டர் லாம்ப் என்று ஒரு குட்டி பல்பு வெளிச்சம் அடிக்கும். கோடு நெளிவதற்குத் தகுந்தபடி வெளிச்சம் கூடிக் குறைந்து அந்தப் பக்கம் போய் விழும். அதை கரண்ட்டாக்கி ஆம்ப்ளிஃபையரில் விட்டால் வசனம். பல்பில் தூசி படிந்தால் எம்.ஜி.ஆருக்கு ஜலதோஷம்.

இன்னொரு விஷயம். ஒரு காட்சிக்குரிய சத்தம் அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்காது. சுமார் 20 ஃப்ரேம் தள்ளி இருக்கும். ஏனென்றால் படம் ஒவ்வொரு ஃப்ரேமாக நின்று நின்று போக வேண்டும். சத்தமோ நிற்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க முடியாது. அதனால்தான் பழைய பிரிண்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் வந்தால் முதலில் படம் குதிக்கும், முக்கால் விநாடி கழித்து சத்தம் குதிக்கும். நம்பியார் கையில் கத்தி வந்த பிறகு, உறையிலிருந்து உருவும் சத்தம் வரும். ஜனங்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. விசிலடித்தார்கள்.

கொட்டகைகளை வீடியோ வந்து படுக்க வைத்தது. அப்பாவுக்கு வேலை போன அதே சமயத்தில் எனக்கு வேலை கிடைத்தது, வீடியோ கடையில்! இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கடை வேலையில் ஜாலியான பகுதி கல்வராயன் மலைக்குப் போவது. வெள்ளிமலைப் பக்கம் திருவிழா என்றால் டி.வி., டெக், ஜெனரேட்டர், மைக்செட் எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவோம். விடிய விடிய மூன்று படம். இரண்டு தமிழ், ஒரு 'கராத்தே'. ஹாங்காங் படம் எதுவாக இருந்தாலும் அதற்கு கராத்தே என்றுதான் பெயர். ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் டி.வி. ஸ்பீக்கர் கேட்காது என்பதால் சத்தத்தை எடுத்து குழாய் ஸ்பீக்கரில் கொடுப்போம். குழாயில் பேச்சு நன்றாக வரும்; மற்றதெல்லாம் தகரத்தில் கல் போட்ட மாதிரி வரும்.

ஒருமுறை கொண்டுபோனது ஷா பிரதர்ஸ் எடுத்த ஷாவோலின் படம். 1978-ல் வந்தது, முப்பத்தாறு அறை. வாய் சீனத்தில் அசையும். பேச்சு இங்கிலீஷில் வரும். மலை ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் கூட்டம் எழ ஆரம்பித்தது. உடனே எங்கள் மைக்செட் மாமா மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் உக்காருங்க. இவன்தான் நம்ம ஆளு. சர்க்கார் ஆளுங்க அவன் குடும்பத்தை அழிச்சுட்டாங்க. இப்ப மொட்டையடிச்சு சாமியார் பள்ளிக்கூடத்துல சேந்திருக்கான். மொத்தம் முப்பத்தஞ்சு கிளாஸ். ஃபெயிலானா அடி. பாஸானா அடுத்த கிளாஸ்ல அடி."

கூட்டம் உட்கார்ந்தது. கடைசி வரை எழவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பல வருஷம் கழித்து அந்தப் படத்தைச் சப்டைட்டிலோடு பார்த்தேன். கிட்டத்தட்ட சரியாகவே சொல்லியிருக்கிறார்! முப்பத்தாறாவது அறையைக் கதாநாயகன் புதிதாக ஆரம்பிக்கிறான், வெளியாட்களுக்குச் சொல்லித்தர. அதை மட்டும் மாமா 'டியூஷன் சென்ட்டர்' என்று சொன்னார். அதுவும் தப்பில்லை.

டிஸ்க்கில் 'ஆடியோ ஆப்ஷன்' என்று இப்போது சொல்கிறோமே, நான் முதலில் பார்த்த ஆடியோ ஆப்ஷன் மைக்செட் மாமாதான். ஊமைப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆட்கள் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அவர் அந்தப் பரம்பரை. இதையே 1984-ல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்ற கம்பெனி 'கிங்காங்' லேசர் டிஸ்க்கில் செய்தது. டிஸ்க்கில் கூடுதலாக ஒரு ஒலித்தடம் காலியாக இருக்க, படம் ஓடும்போதே ஒருவரைப் பேசவிட்டு அதில் பதிந்தார்கள். உலகமே ஆச்சரியப்பட்டது. எங்கள் மாமாவை யாரும் பதியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடியோ கேஸட்டில் சத்தம் ஏன் எப்போதும் கம்பளி போர்த்திய மாதிரி வந்தது தெரியுமா? பாட்டு கேட்கும் சாதா கேஸட்டில் டேப் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். வீடியோ கேஸட்டில் 2.34 சென்டிமீட்டர்தான். பாதி! படத்தைச் சுழலும் ஹெட் படித்துக்கொள்ளும். சத்தம் மட்டும் ஓரத்தில் இந்த நத்தை வேகத்தில் தேய்ந்துகொண்டு போகும். அதிலும் காப்பியிலிருந்து காப்பி எடுத்து ஊருக்கு வரும்போது எம்.ஜி.ஆருக்கு மறுபடியும் ஜலதோஷம். (பிறகு ஹைஃபை டெக் என்று சத்தத்தையும் சுழலும் ஹெட்டில் பதிகிற ரகம் வந்தது. சங்கராபுரத்துக்கு அது வந்ததாக எனக்கு நினைவில்லை.)

அடுத்து வந்தது வி.சி.டி. இதில்தான் ஒரு வேடிக்கை. ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரிஜினல் ஜாக்கிசான் வி.சி.டி. ஒன்று என் கையில் சிக்கியது. போட்டால் ஜாக்கிசான் ஒரே சமயத்தில் இரண்டு பேர் மாதிரி பேசுகிறார்! பிளேயர் கெட்டுவிட்டது என்று திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து... கடைசியில்தான் புரிந்தது. வி.சி.டி.யில் இருப்பது இடது, வலது என்று இரண்டே தடம். ஹாங்காங்காரர்கள் ஒன்றில் காண்டனீஸ், இன்னொன்றில் மாண்டரின் போட்டு, 'வேண்டியதை வைத்துக்கொள், மற்றதை அணைத்துக்கொள்' என்று விட்டிருந்தார்கள். ரிமோட்டில் அதற்கென்றே ஒரு பட்டன்.

இந்த அதிசயத்தைக் காட்ட அப்பாவை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினேன். "கவனிங்க. ஒரே நேரத்துல ரெண்டு பாஷை."

"எனக்கு ஒண்ணுதான் கேக்குது" என்றார். "படம் தெளிவா இருக்கு."

அன்றைக்கு சிரித்தேன். அதில் ஒரு பாடம் இருந்ததை 2010 வரை படிக்கவில்லை.

டி.வி.டி. வந்தபோது தடத்துக்குப் பஞ்சமில்லை. எட்டு ஒலித்தடம் வரை ஒரே டிஸ்க்கில் அடைக்கலாம். 2007 வாக்கில் மோஸர் பேயர் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கியதும் பெட்டிக்கடையில்கூடப் படம் தொங்க ஆரம்பித்தது. பழைய சண்டைப் படங்களெல்லாம் புதுச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தன. சட்டையில் தவறாமல் '5.1' என்று ஒரு பட்டன்.

இங்கே ஒரு கேள்வி. ஒரே ஒரு கோட்டில் இருந்த சத்தத்தை ஆறாக எப்படிப் பிரித்தார்கள்?

பல படங்களுக்குப் பேச்சு தனி, இசை தனி, எஃபெக்ட்ஸ் தனி என்று அன்றைக்குப் பதிந்த டேப்புகள் இன்று கிடையாது. மிஞ்சியது எல்லாம் கலந்த அந்த ஒற்றைக் கோடு. சாம்பார் வைத்த பிறகு பருப்பைத் தனியாக எடுக்கச் சொன்னால்? அதனால் சில இடங்களில் கோட்டையே கொஞ்சம் ஃபில்டர் செய்து நாலா பக்கமும் பரப்புவார்கள். சில இடங்களில் மேலே புதுச் சத்தம் வைப்பார்கள். புதுக் கத்தி, புதுக் குதிரை, புது டிஷ்யூம்.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். 'ஜாஸ்' படம் 1975-ல் மோனோவில் வந்தது. மோனோவிலேயே சிறந்த ஒலிக்கான ஆஸ்கார் வாங்கியது. 2000-ல் டி.வி.டி. போட்டபோது 5.1 ஆக்கினார்கள், பழைய மோனோவைத் தூக்கிவிட்டார்கள். ரசிகர்கள் புலம்பித் தீர்த்த பிறகு 2005 வெளியீட்டில் மோனோ திரும்பி வந்தது. 'டெர்மினேட்டர்' (1984) கதை இன்னும் நீளம். அதுவும் மோனோ. 5.1 ஆக்கும்போது துப்பாக்கிச் சத்தங்களையே மாற்றிவிட்டார்கள். 'இது எங்க ஆர்னால்டோட துப்பாக்கி இல்லை' என்று ஆட்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். கேட்கிறவர்களுக்கு இது பைத்தியம் மாதிரி இருக்கும். எனக்கு இல்லை. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப்போடும் சத்தத்தை யாராவது மாற்றினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

எல்லாப் பழைய படமும் மோனோ என்று நினைத்துவிடாதீர்கள். 'ஷோலே' (1975) 70 எம்.எம்.மில் ஸ்டீரியோ சத்தத்தோடு வந்தது. அதில் அமிதாப் சுண்டிவிடும் காசு விழும் சத்தம் கேட்டு, தியேட்டரில் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார்கள் என்று ஒரு கதை உண்டு. நம் ரஜினியின் 'மாவீரன்' (1986) தமிழின் முதல் 70 எம்.எம்., ஆறு டிராக் ஸ்டீரியோ. கமலின் 'குருதிப்புனல்' (1995) டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். 'கறுப்பு ரோஜா' (1996) டி.டி.எஸ். இந்த டி.டி.எஸ்.ஸில் சத்தம் ஃபிலிமில் இருக்காது, தனியாக சி.டி.யில் ஓடும். ஃபிலிமில் இருப்பது இரண்டையும் சேர்த்து ஓட வைக்கும் குறிதான். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப ஓரத்துல கோடு எதுக்கு?" என்றார். சி.டி. மக்கர் பண்ணினால் கோட்டுக்குத் தாவிக்கொள்ளும் என்றேன். "பாத்தியா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு திருப்தி!

ஆக, நல்ல டிஸ்க் என்றால் மெனுவில் இரண்டும் இருக்க வேண்டும். புது 5.1-ம் இருக்கட்டும், பழைய ஒலியும் இருக்கட்டும். இது என் கட்சி. ஆனால் இந்தக் கட்சியில் நான் சேர்ந்தது சத்தியமாகக் கலையார்வத்தால் இல்லை.

தீபாவளி முடிந்து ஒரு மாதம். அப்பா ஹாலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். டீக்கடைக்கும் போகவில்லை. நான் கவனிக்கவில்லை. ஒருநாள் அம்மா என்னை சமையலறைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு உங்கப்பா வாட்ச்சைக் காதுல வச்சு வச்சுப் பாக்கறாருடா."

அப்பாவிடம் சாவி கொடுக்கும் ஹெச்.எம்.டி. வாட்ச் ஒன்று உண்டு. அதன் டிக் டிக் கேட்கிறதா என்று தினமும் வலது காதில் வைத்துப் பார்த்திருக்கிறார். இருக்கிற ஒரு காதும் போகிறது என்று முடிவு செய்துவிட்டார். யார் சொல்லி? நான் சொல்லி.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே பாண்டிச்சேரிக்கு ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரின் வாயையே உற்றுப் பார்த்தார். அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெஷின் விலை எவ்வளவு இருக்கும், பி.எஃப். லோன் போடலாமா என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து பீப் பீப் என்று பரிசோதித்தார். சார்ட்டைப் பார்த்தார். "இடது போனது போனதுதான். வலது நல்லா இருக்கே! எழுபது வயசுக்கு இது ஜோரான காது. யார் சொன்னது போச்சுன்னு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் ஒரு காரியம் விளக்கினார். இரண்டு காது இருப்பது அழகுக்கு இல்லை. இரண்டிலும் வரும் சத்தத்தை ஒப்பிட்டுத்தான் மூளை திசை கண்டுபிடிக்கிறது. கல்யாண வீட்டு இரைச்சலில் எதிரில் இருப்பவர் பேச்சை மட்டும் பிரித்து எடுக்கிறோமே, அதுவும் இரண்டு காது இருப்பதால் வருகிற சௌகரியம். ஒரு காதுக்காரருக்கு எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். ஐந்து ஸ்பீக்கர் என்றால் ஐந்து மடங்கு குவியல். ஹெட்போன் என்றால் இன்னும் மோசம். இடது பக்கம் இருப்பதெல்லாம் இல்லாமலே போய்விடும்.

"சரி, அதுக்காக பேச்சே கேக்காம போகாதே..." என்று அவரே தாடையைச் சொறிந்தார். "வீட்ல ஒயரை செக் பண்ணீங்களா?"

வீட்டுக்கு வந்ததும் என் பெண்ணிடம் கேட்டேன். அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அந்த டிஸ்க்ல பேச்சு உனக்குக் கேக்குதா?"

"கேக்குமே! அந்தப் பெரிய பொட்டிக்குள்ள காதை வச்சா தாத்தா மாதிரி ஒருத்தர் பேசுவாரே" என்று ஊஃபரைக் காட்டினாள்.

ஸ்டாண்டை இழுத்துப் பின்னால் டார்ச் அடித்தேன். ஆம்ப்ளிஃபையரில் 'சென்டர்' என்ற ஓட்டையும் 'ஊஃபர்' என்ற ஓட்டையும் பக்கத்துப் பக்கத்தில். ஒயர் இரண்டும் மாறியிருந்தது. 5.1-ல் வசனமெல்லாம் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். எங்கள் வீட்டில் அது ஒரு மாதமாக ஊஃபருக்குப் போயிருக்கிறது. ஊஃபர் 'தம்தம்' ரகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடும். எம்.ஜி.ஆர். நிஜமாகவே கிணற்றுக்குள் இருந்துதான் பேசிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எனக்கு எப்படிக் கேட்டது? கேட்கவில்லை, சார்! அந்தப் படத்தின் வசனம் எனக்கு மனப்பாடம். ஆபரேட்டர் ரூமில் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டது. வாய் அசைந்ததும் மூளையே பேசிக்கொண்டது. இரண்டு காது உள்ளவன் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்க, ஒரு காதுக்காரர் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

ஒயரை மாற்றிவிட்டு, "இப்ப பாருங்க" என்றேன். பேச்சு பளிச்சென்று வந்தது. அப்பா தலையாட்டினார். ஆனால் கத்திச்சண்டை வந்ததும் மறுபடி முகம் சுளித்தார். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க."

அதுவும் நிஜம். மோனோவில் ஒரே ஒரு கோடு. அதில் எல்லாருக்கும் இடம் வேண்டுமென்றால் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் அந்தக் கால ஒலிப்பதிவாளர்கள் கத்தி மோதும்போது இசையைத் தாழ்த்தி, ஹீரோ பேசும்போது கத்தியை நிறுத்தி, பேசி முடித்ததும் டிரம்மை ஏற்றி, ஒவ்வொருவராக அனுப்பினார்கள். ஆறு வழி திறந்துவிட்டதும் கள்ளக்குறிச்சி கடைசி பஸ்ஸில் ஏறுகிற கதைதான். ஜன்னல் வழியாகவும் ஏறுகிறார்கள்.

டிஸ்க்கின் மெனுவுக்குப் போனேன். அதுவரை நான் போகாத இடம். 'ஆடியோ' என்று இருந்தது. உள்ளே இரண்டு: 5.1, ஸ்டீரியோ 2.0. இரண்டாவதைத் தட்டினேன். பெயர்தான் ஸ்டீரியோ, உள்ளே இருந்தது பழைய மோனோதான், இரண்டு பக்கமும் ஒரே சத்தம். கம்பெனிக்காரர்கள் அதைத் தூக்கிப் போடாமல் விட்டது மறதியா, மனசாட்சியா தெரியாது. நன்றி.

இன்றைக்கு அந்த ஐந்து ஸ்பீக்கரில் மூன்று பரணில். பழைய படங்கள் டிஸ்க்கை விட்டுத் திரும்ப தியேட்டருக்கே போய்விட்டன. 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் வந்து நூறு நாள் தாண்டியது. 'ஆயிரத்தில் ஒருவன்' 2014-ல் வந்து சென்னையில் வெள்ளிவிழா கண்டது. 'பாட்ஷா' 2017-ல் ஒருமுறை, 2025-ல் அட்மாஸ் ஒலியில் இன்னொருமுறை. அட்மாஸில் சத்தம் தலைக்கு மேலிருந்தும் வரும். அப்பாவிடம் சொன்னேன். "கொட்டகையில மழை பேஞ்சா அப்படித்தான் வரும்" என்றார்.

அவருக்கு இப்போது எண்பத்தைந்து. செல்போனில் படம் பார்க்கிறார். போன் செட்டிங்ஸில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் போனிலும் உண்டு, 'அக்சஸிபிலிட்டி' என்ற தலைப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைப் போட்டால் இடது பக்கச் சத்தமும் வலது பக்கம் வந்துவிடும். வீட்டில் ஒரு காதுப் பெரியவர் இருந்தால் ஒரு நிமிஷம் செலவழித்துப் போட்டுக் கொடுங்கள். டி.வி.யிலும் ஆடியோ மெனுவில் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். காது மெஷினுக்கு பி.எஃப். லோன் போடும் முன்பு ஒயரையும் பாருங்கள்.

அன்று ராத்திரி, 2.0 போட்ட பிறகு, நாங்கள் நாலு பேரும் அந்தப் படத்தை முதலிலிருந்து பார்த்தோம். ஊஃபர் சும்மா இருந்தது. அம்மா தைரியமாக அதன் மேல் டம்ளரை வைத்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். சண்டை உச்சத்தில் இருந்தபோது ஒலியில் 'டொப்' என்று சின்னதாக ஒரு சத்தம். 5.1-ல் இதை சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். பழைய தடத்தில் அப்படியே இருந்தது.

அப்பா ரிமோட்டை எடுத்து படத்தை நிறுத்தினார்.

"ஏம்ப்பா?"

"ரீல் மாறுது" என்று சொல்லிவிட்டு எழுந்து, டீ குடிக்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.